சிக்னல் இல்லாத ஊரில் சொற்கோவை பிளகின்: ஒரு மாத வேலையின் பதிவு

போன வியாழக்கிழமை இரவு ஏற்காடு நாகலூரில் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது, போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை, லேப்டாப்பில் 40 சதவீதம் சார்ஜ். எடிட்டரைத் திறந்து, ஒரு மொழிபெயர்ப்புக் கோப்பில் ‘இன்வாய்ஸ்’ என்ற சொல்லின் மேல் மவுஸைக் கொண்டுபோய் வைத்தேன். ‘விலைப்பட்டியல்’ என்று பட்டென்று வந்தது. அடுத்த சொல்லுக்கும் வந்தது. கீழே ஓரத்தில் ‘சொற்கோவை: ஜனவரி 6 நிலவரம்’ என்று ஒரு சின்ன வரி மட்டும் இருந்தது. இதற்காக ஒரு மாதம் மல்லுக்கட்டியிருக்கிறேன். மறப்பதற்குள் நடந்த வரிசையிலேயே எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலில் இது என்ன பிளகின் என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து சிறு கடைகளுக்கான ஒரு பில்லிங் மென்பொருளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம். எந்த ஆங்கிலச் சொல்லுக்கு எந்தத் தமிழ்ச் சொல் என்று பேசி முடிவு செய்த பட்டியல், அதாவது சொற்கோவை, ஒரு சர்வரில் இருக்கிறது, 14,200 சொற்கள். அதை விஎஸ் கோட் எடிட்டருக்குள் கொண்டுவர டைப்ஸ்கிரிப்ட் மொழியில் நான் எழுதிய துணை நிரல்தான் இந்தப் பிளகின். சொல்லின் மேல் மவுஸை வைத்தால் பொருள் காட்டும், பட்டியலுக்கு மாறாக எழுதினால் மஞ்சள் கோடு போடும், புதுச் சொல் தோன்றினால் அங்கிருந்தே பரிந்துரை அனுப்பலாம். மூன்றுமே ஒவ்வொரு முறையும் சர்வரைக் கேட்டுத்தான் நடந்தன. சேலத்தில், கன்னங்குறிச்சி வீட்டில், ஃபைபர் லைனில் ஒரு கேள்விக்கு 70 முதல் 90 மில்லிசெகண்டுதான் ஆகும் என்பதால் இதில் ஒரு குறை இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை.

டிசம்பர் முதல் வாரம் காப்பிப் பழம் பறிப்புக்கு ஆள் போதவில்லை என்று சித்தப்பா கூப்பிட்டார். மூன்று வாரம் தங்கி, காலையில் தோட்டம், மதியத்துக்கு மேல் லேப்டாப் என்று திட்டம். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஒண்டிக்கடை தாண்டி நாகலூர் போய்ச் சேர்ந்தால், வீட்டுக்குள் சிக்னல் சுத்தமாக இல்லை. பழம் காயப்போடும் களத்தின் ஓரத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் மட்டும் ஒரு கோடு வரும், அதுவும் வந்து வந்து போகும். போனை அந்தத் தொட்டி மேல் வைத்து ஹாட்ஸ்பாட் போட்டுக்கொண்டு களத்துத் திட்டில் உட்கார்ந்தேன். எடிட்டரின் வலது கீழ் மூலையில் ‘சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை’ என்ற பெட்டி வரத் தொடங்கியது. பத்து நிமிடத்தில் 41 பெட்டிகள். மஞ்சள் கோடுகள் எல்லாம் மறைந்துவிட்டன, அதாவது தப்பாக எழுதினாலும் சரி என்பது போலக் காட்டியது. பெட்டிகளைவிட இதுதான் ஆபத்து.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கள் குழுவில் ஆத்தூரிலிருந்து சேலத்துக்குப் பஸ்ஸில் வந்து போகும் அக்கா ஒருவர் இருக்கிறார். பஸ்ஸிலேயே உட்கார்ந்து பாதி வேலையை முடித்துவிடுவார். ஒரு வருஷமாக அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், “தம்பி, வாழப்பாடி தாண்டுனா இது தொங்கிப் போவுது” என்று. எடிட்டரை மூடித் திறந்து பாருங்கள் என்று சொல்லி நான் விட்டுவிட்டேன். களத்துத் திட்டில் உட்கார்ந்த அன்றுதான் அவர் எதைச் சொன்னார் என்று எனக்கு விளங்கியது. அன்று இரவே வேலையைத் தொடங்கினேன்.

எனக்கு முதலில் தோன்றியது, நெட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் சர்வரைக் கேட்கலாம் என்பது. ஒரு தளத்தின் பெயரை டிஎன்எஸ்ஸில், அதாவது பெயருக்கு உரிய நெட் முகவரியைத் தரும் சேவையில், தேடிப் பார்ப்பது, கிடைத்தால் ‘நெட் இருக்கிறது’, கிடைக்காவிட்டால் ‘இல்லை’ என்று ஒரு சின்ன ஃபங்ஷன். இதற்கு இரண்டு சாயங்காலம் போனது, கடைசியில் முழுவதையும் அழித்தேன். காரணம் எளிது. தொட்டிப் பக்கத்துச் சிக்னல் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. பார்க்கும்போது இருக்கும், அடுத்த நொடி கேள்வி அனுப்பும்போது இருக்காது. லேப்டாப்புக்கும் போனுக்கும் நடுவில் வைஃபை முழுக் கோடு காட்டும், போனுக்கு வெளியே ஒன்றும் போகாது. சோதனைக்கே பத்து நொடி காத்திருந்து, அது சரி என்று சொன்ன பிறகு அசல் கேள்வியும் தொங்கும். ஆக, காத்திருப்பு இரண்டு மடங்காகியதுதான் மிச்சம்.

அடுத்து டைம்அவுட், அதாவது பதிலுக்குக் காத்திருக்கும் கால வரம்பு. பிளகின் ஓடுவது நோட்.ஜேஎஸ் என்ற தளத்தின் மேல். சர்வரோடு பேச அதன் எச்டிடிபிஎஸ் மாட்யூலை நான் நேராகப் பயன்படுத்தியிருந்தேன், அதில் நாமாகச் சொல்லாவிட்டால் இணைப்புக்குக் கால வரம்பே கிடையாது. ஒரு கேள்வி எவ்வளவு நேரம் தொங்குகிறது என்று பதிவு செய்து பார்த்தேன்: 2 நிமிடம் 7 நொடி. எங்கிருந்து இந்தக் கணக்கு என்று தேடினால், என்னுடையது டெபியன் 12 என்ற லினக்ஸ், அதன் கர்னல், அதாவது இயங்குதளத்தின் உட்கரு, அனுப்பும் முதல் பாக்கெட்டுக்குப் பதில் வராவிட்டால் ஆறு முறை திரும்ப அனுப்புகிறது, 1, 2, 4 என்று ஒவ்வொரு முறையும் காத்திருப்பை இரட்டிப்பாக்கி 64 வரை போகிறது. கூட்டினால் 127 நொடி. சரி, மூன்று நொடி வரம்பு வைத்தேன். இதிலும் ஒரு சறுக்கல்: அந்த மாட்யூலில் டைம்அவுட் என்று எண் கொடுத்தால் நேரம் ஆனதும் ‘நேரம் ஆச்சு’ என்று ஒரு தகவல்தான் வரும், இணைப்பு அப்படியே கிடக்கும், அதை நாம்தான் அறுக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் அரை நாள் ஓடியது.

மூன்று நொடி வரம்பு வந்த பிறகு பார்க்கக் கொஞ்சம் நன்றாக இருந்தது. ஆனால் வேறொன்று முளைத்தது. சிக்னல் போய்த் திரும்பி வந்த பிறகும், பிரவுசரில் பக்கங்கள் திறந்த பிறகும், பிளகின் மட்டும் ஏறக்குறைய ஒரு நிமிடம் செத்துக் கிடந்தது. மவுஸை வைத்தால் மூன்று நொடியில் ‘முடியவில்லை’, திரும்ப வைத்தால் மறுபடி ‘முடியவில்லை’. போன் நன்றாக இருக்கிறது, சர்வர் நன்றாக இருக்கிறது, நடுவில் யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. மொத்த வேலையில் இதற்குத்தான் அதிக நேரம் செலவானது, கிட்டத்தட்ட நான்கு இரவு.

கடைசியில் பிளகினை ஒதுக்கி வைத்துவிட்டு, எடிட்டருக்கு வெளியே இருபது வரியில் ஒரு தனி ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒரே பெயரைப் பன்னிரண்டு முறை ஒரே நேரத்தில் டிஎன்எஸ்ஸில் தேடச் சொல்லி, ஒவ்வொன்றும் எத்தனை நொடியில் கைவிடுகிறது என்று அச்சிட வேண்டும், அவ்வளவுதான். இதற்குச் சிக்னல் பாதி செத்த நிலை வேண்டும், களத்துக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே அதை உண்டாக்க ஃபயர்வாலில், அதாவது நெட் போக்குவரத்தைத் தடுக்கும் காவலில், டிஎன்எஸ் பாக்கெட்டுகளைச் சத்தமில்லாமல் தூக்கிப் போடச் சொன்னேன். முதலில் வெளியே போகும் பக்கத்தில் தடையை வைத்தேன். கேட்டவுடன் பிழை வந்துவிட்டது, ஏனென்றால் அந்தப் பக்கம் தடுத்தால் அனுப்பும் நிரலுக்கே ‘அனுமதி இல்லை’ என்று கர்னல் சொல்லிவிடுகிறது. உள்ளே வரும் பதிலைத் தடுத்தபோதுதான் களத்தில் நடப்பது அப்படியே நடந்தது: கேள்வி போகும், பதில் வரவே வராது.

விடைகள் திரையில் வந்த விதம் இன்னும் கண்ணில் இருக்கிறது. பத்தாவது நொடியில் இரண்டு வரி. அப்புறம் ஒன்றும் இல்லை. இருபதாவது நொடியில் இரண்டு. முப்பதில் இரண்டு. இப்படி இரண்டு இரண்டாக விழுந்து அறுபதாவது நொடியில் கடைசி இரண்டும் வந்தன. அந்த ஒரு நிமிடத்தின் கணக்கு அப்படியே எதிரே நின்றது.

சர்வரைக் கேட்கும் முன் நோட்.ஜேஎஸ் அதன் பெயரைத் தேடும்போது இயங்குதளத்தின் பழைய ஃபங்ஷன் ஒன்றைக் கூப்பிடுகிறது. அது பதில் வரும்வரை நின்றுவிடும் வகை, அதனால் அதைப் பின்னால் இருக்கும் வேலையாட்களிடம், அதாவது த்ரெட்களிடம், விட்டுவிடுகிறது. அந்த வேலையாட்கள் வழக்கமாக நான்கு பேர். அதில் பெயர் தேடும் வேலைக்குப் பாதிப் பேருக்கு மேல் போகக் கூடாது என்று நோட்.ஜேஎஸ் உள்ளே பயன்படுத்தும் லிப்யூவி நூலகத்தில் விதி, ஆக ஒரே நேரத்தில் இரண்டு. ஒவ்வொரு தேடலும் ஐந்து நொடி காத்திருந்து இன்னொரு முறை கேட்டு இன்னும் ஐந்து நொடி காக்கும், ஆக பத்து நொடி. என் மூன்று நொடி டைம்அவுட், மேலே நிற்கும் என் நிரலைத்தான் விடுவித்தது. கீழே போன வேலையாளைத் திரும்பக் கூப்பிடவே இல்லை. நான் பொறுமை இல்லாமல் மவுஸை நகர்த்தி நகர்த்திப் பார்த்த ஒவ்வொரு முறையும் இன்னொரு தேடல் வரிசையில் போய் நின்றது. சிக்னல் திரும்பியபோதும் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தவை தங்கள் பத்து நொடியை முடித்து இடம் விட்டால்தான் புதுக் கேள்விக்கு வழி. வேலையாட்களை எட்டாக்கி அதே ஸ்கிரிப்டை ஓட்டினேன், நான்கு நான்காக வந்தது. சந்தேகம் தீர்ந்தது.

அன்று ராத்திரி பதினோரு மணி இருக்கும். சித்தி காபித்தூள் டப்பாவை மூடிக்கொண்டே கேட்டார், “ஏங்கண்ணு, அந்தப் பொட்டிக்குள்ளயே எல்லாத்தையும் எழுதி வெச்சுக்க முடியாதா? யாரு எத்தனை கிலோ பறிச்சாங்கன்னு பாக்க நாங்க டவுனுக்கா போறோம்?” தோட்டத்தில் கூலி கிலோக் கணக்கில்தான். சித்தி ஒரு நீள நோட்டில் எழுதுவார், அது எப்போதும் தராசுக்குப் பக்கத்திலேயே இருக்கும். அவர் சொன்னது முழுக்கச் சரி. 14,200 சொல் என்பது ஒரு புத்தகம்கூட இல்லை. மவுஸை வைக்கும் நேரத்தில் நெட்டைத் தேடிப் போவதே தப்பு. டைம்அவுட்டை மூன்றாக வைப்பதா ஐந்தாக வைப்பதா என்று இவ்வளவு நாள் நான் பார்த்துக்கொண்டிருந்தது கேட்க வேண்டிய கேள்வியே இல்லை.

அங்கிருந்து வேலை வேகமாக நகர்ந்தது. புது ஏற்பாட்டில் மவுஸை வைப்பது, மஞ்சள் கோடு, சொல் தேடுவது எல்லாம் லேப்டாப்பின் வட்டில் இருக்கும் கோப்பிலிருந்து மட்டும்தான். நெட்டைத் தொடும் இடம் முழு நிரலிலும் ஒன்றே ஒன்று, பின்னணியில், ஒரு நேரத்தில் ஒரே ஒரு கேள்வி. அது தோற்றால் 30 நொடி கழித்து, அப்புறம் ஒரு நிமிடம், இரண்டு, நான்கு என்று 15 நிமிடம் வரை இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகும். எல்லாருடைய பிளகினும் ஒரே நொடியில் சர்வரைத் தட்டாமல் இருக்க அந்த நேரத்தில் கொஞ்சம் கூடக் குறைய.

கோப்பை எங்கே வைப்பது என்பதில் ஒரு தவறு செய்தேன். எடிட்டர் பிளகின்களுக்கு ‘குளோபல் ஸ்டேட்’ என்று சின்னச் சின்ன விஷயங்களை வைக்க ஒரு இடம் தருகிறது. எழுதுவது ஒரு வரி என்பதால் முழுச் சொற்கோவையையும் அதில் திணித்தேன். ஓடியது, ஆனால் எடிட்டரின் பதிவில், இவ்வளவு பெரியதை இங்கே வைக்காதே, வட்டில் உனக்கென்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது என்று எச்சரிக்கை வந்தது. அந்த ஃபோல்டருக்கு மாற்றினேன். அந்த ஃபோல்டரை எடிட்டர் உண்டாக்கித் தராது, இடத்தை மட்டும்தான் சொல்லும், நாம்தான் உண்டாக்க வேண்டும் என்பது முதல் ஓட்டம் விழுந்த பிறகு தெரிந்தது.

இரண்டாவது தவறு, இறக்கும் தரவை நேராக அந்தக் கோப்பின் மேலேயே எழுதியது. களத்தில் சிக்னல் பாதியில் போனது, கோப்பு பாதியில் நின்றது, அடுத்த முறை எடிட்டரைத் திறந்தால் ஜேசன், அதாவது பட்டியலை எழுதி வைக்கும் வடிவம், பாதியில் முடிகிறது என்று பிழை. நன்றாக இருந்த பழைய பட்டியலையும் இழந்தேன். இப்போது பக்கத்தில் வேறு பெயரில் இறக்கி, முழுதாக வந்திருக்கிறதா, சொற்களின் எண்ணிக்கை சரியா என்று பார்த்து, அப்புறம்தான் பெயரை மாற்றுவது. ஒரே ஃபோல்டருக்குள் பெயர் மாற்றம் ஒரே அடியில் நடந்துவிடும், நடுவில் பாதி என்ற நிலை கிடையாது.

அளவு பற்றியும் சொல்ல வேண்டும், தமிழோடு வேலை செய்கிறவர்களுக்கு உதவும். சர்வரிலிருந்து வந்த கோப்பு 3.1 எம்பி. இத்தனை சொல்லுக்கு இது அதிகமாயிற்றே என்று திறந்து பார்த்தால் உள்ளே ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை, எல்லாம் சாய்கோடும் யூவும் நான்கு எண்ணுமாக இருந்தது. சர்வர் பைத்தானில் எழுதியது. அதன் ஜேசன் எழுதும் ஃபங்ஷன், வேண்டாம் என்று சொல்லாவிட்டால், ஆங்கிலம் அல்லாத ஒவ்வொரு குறியையும் இப்படி ஆறு பைட்டாக எழுதிவிடும். யூடிஎஃப்-8ல் தமிழுக்கு ஒரு குறிக்கு மூன்று பைட் போதும். சர்வரில் ஒரு வார்த்தை மாற்றினேன், 2.2 எம்பி ஆனது. ஜிசிப் சுருக்கம் சேர்த்த பிறகு லைனில் இறங்குவது 430 கேபி.

அதற்கு முன்னால் எடிட்டரின் ஒவ்வொரு சன்னலைத் திறக்கும்போதும் முழுக் கோப்பையும் இறக்கிக்கொண்டிருந்தேன். நாளைக்குப் பதினான்கு முறை, 43 எம்பி, சித்தப்பா போனின் டேட்டாவில். இப்போது சர்வர் ஒவ்வொரு கோப்போடும் ஒரு அடையாளக் குறி, இ-டேக், அனுப்புகிறது. அடுத்த முறை அந்தக் குறியைக் காட்டி, மாறியிருக்கிறதா என்று கேட்டால், மாறாதபோது 304 என்று ஒரு சின்னப் பதில், ஒரு கேபிக்கும் குறைவு.

தேடலை வட்டுக்குக் கொண்டுவந்ததில் எதிர்பாராத ஒன்று உடைந்தது. தமிழ்ச் சொல்லின் மேல் மவுஸை வைத்தால் ஆங்கிலம் காட்ட வேண்டும். பெரும்பாலும் காட்டியது, ‘கொள்முதல்’, ‘தொகை’ போன்ற சிலவற்றுக்குச் சில கோப்புகளில் மட்டும் காட்டவில்லை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. உள்ளே பார்த்தால் ஒன்றில் ஒகரக் குறி ஒரே குறியாக இருந்தது, மற்றதில் எகரக் கொம்பு ஒன்று, துணைக்கால் ஒன்று என்று இரண்டாக இருந்தது. யூனிகோடில் இரண்டுமே சரி, இரண்டும் சமம், ஆனால் நேராக ஒப்பிட்டால் பொருந்தாது. சர்வர் இதைத் தானாகவே ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்ததால் எனக்கு இது தெரியவே இல்லை. ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும், இப்படிப் பிரிந்தவற்றை ஒரே குறியாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்ற ஒரு வரி சேர்த்தேன், முடிந்தது. சர்வர் செய்துகொண்டிருந்த ஒரு வேலையைக் கைக்குக் கொண்டுவரும்போது, அது சொல்லாமல் செய்த வேறு என்னென்ன இருந்தன என்று சர்வர் நிரலை ஒரு முறை முழுதாகப் படித்திருக்க வேண்டும்.

பரிந்துரை அனுப்புவதுதான் இன்னும் முழுதாகத் திருப்தி தராத பகுதி. நெட் இல்லாதபோது எழுதிய பரிந்துரையை ஒரு கோப்பில் வரிசையாக வைத்து, நெட் வந்ததும் அனுப்புவது. முதல் நாளே ‘கழிவு’ என்ற பரிந்துரை சர்வரில் மூன்று முறை இருந்தது. அனுப்பியது போய்ச் சேர்ந்திருக்கிறது, ‘வந்து சேர்ந்தது’ என்ற பதில்தான் வழியில் தொலைந்திருக்கிறது, அது தெரியாமல் பிளகின் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறது. சித்தியின் நோட்டில் ஒவ்வொரு எடைக்கும் ஒரு வரிசை எண் இருக்கும், சனிக்கிழமை பெரிய கணக்கில் ஏற்றும்போது சித்தப்பா அந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பார், ஏறியிருந்தால் விட்டுவிடுவார். அதையே செய்தேன்: ஒவ்வொரு பரிந்துரைக்கும் எழுதும்போதே ஒரு தனி எண், அந்த எண் ஏற்கெனவே இருந்தால் சர்வர் ‘வாங்கிக்கொண்டேன்’ என்று மட்டும் சொல்லும், இன்னொரு முறை சேர்க்காது. ஒரே சொல்லுக்கு இரண்டு பேர் வேறு வேறு தமிழ் எழுதியிருந்தால் பிளகின் முடிவெடுக்காது, இரண்டையும் வைக்கும். அதைப் பேசி முடிவு செய்வது எங்கள் வேலை.

பெட்டிகள் முழுவதையும் எடுத்துவிட்டேன். கீழ் ஓர வரியில் சொற்கோவை எந்தத் தேதியது, அனுப்பாமல் எத்தனை பரிந்துரை இருக்கிறது என்பது மட்டும். முதலில் நெட் இல்லாதபோது அந்த இடம் சிவப்பாக வேண்டும் என்று வைத்திருந்தேன். ஆத்தூர் அக்கா பார்த்துவிட்டு, “தம்பி, செவப்பா இருந்தா நான் ஏதோ கெடுத்துட்டேன்னு பயமாவுது” என்றார். நெட் இல்லாதது அவருடைய பிழை இல்லையே, சிவப்பை எடுத்துவிட்டேன். அந்த வரியைக் கிளிக் செய்தால் இடைவெளிக்குக் காத்திருக்காமல் உடனே ஒரு முறை முயலும். களத்தில் சிக்னல் வரும் அந்த அரை நிமிடத்தில் இது மிகவும் பயன்பட்டது.

புதிதாக நிறுவுகிறவர்களுக்கு முதல் முறையே நெட் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு சொற்கோவைப் பிரதியைப் பிளகினுக்குள்ளேயே வைத்துவிட்டேன். அதைத் தனியாகச் சுருக்கி வைக்க அரை மணி நேரம் போனது, பிறகுதான் பிளகின் கோப்பே ஒரு சிப் கோப்புதான், அதற்குள் சுருக்குவதால் ஒன்றும் குறையாது என்று கவனித்தேன். அப்படியே வைத்தேன். இப்போது பென்டிரைவில் கொடுத்தால் போதும்.

டிசம்பர் கடைசியில் சேலம் திரும்பிய பிறகு நிதானமாகச் சோதித்தேன். வைஃபையை அணைத்துப் பார்ப்பது சோதனையே இல்லை, அதில் பிழை உடனே வந்துவிடுகிறது, பழைய பிளகின்கூட அதில் ஓரளவு தேறும். நான் நான்கு நிலைகள் வைத்தேன்: வைஃபை அணைப்பு, ஃபயர்வால் மறுத்துச் சொல்வது, ஃபயர்வால் சொல்லாமல் பதிலைத் தின்பது, நெட்டை வேண்டுமென்றே மந்தமாக்கும் லினக்ஸின் நெட்எம் கருவி கொண்டு 900 மில்லிசெகண்டு தாமதமும் 30 சதவீத இழப்பும். பழைய பிளகினில் மவுஸுக்குப் பதில் வர மூன்றாவது நிலையில் 2 நிமிடம் 7 நொடி வரை போனது. புதியதில் நான்கிலும் 4 மில்லிசெகண்டுக்குள். நெட்டைத் தேடாததால் நான்குக்கும் வித்தியாசமே இல்லை. எடிட்டர் திறக்கும்போது 2.2 எம்பியைப் படித்துப் பிரிக்க 60 மில்லிசெகண்டு கூடுதல், அதை யாரும் உணரவில்லை.

செலவு என்று பார்த்தால் பணம் பெரிதில்லை. பென்டிரைவ் 380 ரூபாய். முதல் வாரம் பொறுமை இழந்து வேறொரு நிறுவனத்தின் சிம் வாங்கி 250 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தேன், அது தொட்டிப் பக்கத்தில்கூட எடுக்கவில்லை, அது வீண். நேரம் 34 மணி, அதில் நெட் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபங்ஷனுக்கும் டைம்அவுட்டுக்கும் போனது மட்டும் 15.

இன்னொரு முறை தொடங்கினால் பதிலைத் தின்னும் அந்த ஃபயர்வால் சோதனையை முதல் நாளே வைப்பேன். ஒவ்வொரு நெட் வேலைக்கும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டையும் முதல் வரியிலிருந்தே பதிவு செய்வேன், அது இருந்திருந்தால் அந்த நான்கு இரவு ஒன்றாகியிருக்கும். சொற்கோவையில் மாறிய சொற்களை மட்டும் அனுப்பும் ஏற்பாட்டையும் சர்வரில் செய்ய வேண்டும், பத்துச் சொல் மாறினால் 430 கேபியை இறக்குவது பஸ்ஸில் இருக்கும் அக்காவுக்கு இன்னும் பாரம்தான்.

பாக்கி ஒன்று இருக்கிறது. எடிட்டரில் இரண்டு சன்னல் திறந்தால் பிளகினும் இரண்டாக, தனித்தனியாக ஓடுகிறது, ஆனால் வட்டில் ஃபோல்டர் ஒன்றுதான். சொற்கோவைக் கோப்புக்குப் பெயர் மாற்றும் முறை காப்பாற்றிவிடுகிறது. பரிந்துரைகளை ஒரே கோப்பில் வைத்திருப்பதால், ஒரு சன்னல் எழுதியதை இன்னொன்று மேலெழுதி, போன வாரம் இரண்டு பரிந்துரை காணாமல் போனது. பரிந்துரைக்கு ஒரு தனிக் கோப்பு, கோப்பின் பெயராக அந்தத் தனி எண், அனுப்பி முடிந்ததும் அழிப்பது என்று மாற்றிக்கொண்டிருக்கிறேன். நேற்று இரவு வரை மூன்று சன்னலிலிருந்து மாற்றி மாற்றி 60 பரிந்துரை எழுதி, நடுவில் இரண்டு முறை எடிட்டரைக் கொன்று பார்த்தேன். அறுபதும் சர்வருக்குப் போய்ச் சேர்ந்தன, ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. பொங்கலுக்கு மறுபடி நாகலூர் போகிறேன், களத்தில் வைத்தும் பார்த்துவிட்டு அக்காவுக்குப் பென்டிரைவில் கொடுக்க வேண்டும்.